குளிர்காலத்தில் குடும்பத்தோடு கேரவனில் வடக்கே செல்ல விரும்புகிறோம்: எதுவரை போகலாம்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை தோப்புக்காரர்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். வருகிற டிசம்பர் 20 ஆம் தேதி புறப்பட்டு, பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் விடுமுறையோடு சில நாட்கள் சேர்த்து மொத்தம் 16 நாட்களில் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வடக்கே போய் வரத் திட்டமிட்டிருக்கிறோம். நானும் என் மனைவியும், 12 வயது மகளும், 7 வயது மகனும், 70 வயதான என் அம்மாவும் ஆக ஐந்து பேர். வண்டியை ஓட்டுநருடன் சேர்த்தே தருகிறார்கள். டீசல் வண்டி, படுக்கைகள், சிறிய சமையல் மேடை, கழிவறை, 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஆகியவை உள்ளன.

2022 இல் வாகமண்ணில் கேரளத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்ட பிறகு அங்கே ஓர் இரவு வண்டியிலேயே தங்கிப் பார்த்தோம். அன்றிலிருந்து பிள்ளைகள் இந்த ஆசையை விடவில்லை. ஆனால் எங்கே போவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டு நிற்கிறது. பிள்ளைகளுக்குக் காஷ்மீரில் வெண்பனி பெய்வதைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்குக் காசிக்குப் போக வேண்டும். அப்பா இருந்தபோது இருவரும் சேர்ந்து போவதாகப் பேசிப் பேசியே நாட்கள் கழிந்துவிட்டன என்பதால், அம்மாவின் ஆசையை இன்னும் ஓராண்டு தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் பேருந்திலோ காரிலோ நீண்ட நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. காலை நீட்டிப் படுத்தபடி வரலாம் என்பதே கேரவனைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம்.

இந்த 16 நாட்களில் காஷ்மீரோ காசியோ இந்த வண்டியில் சாத்தியமா, வட இந்தியக் குளிரை வண்டிக்குள் எப்படிச் சமாளிப்பது, எந்த வழியாகப் போவது நல்லது என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

பதில்: குப்பம் லாரிக்காரர்

வணக்கம் ஐயா. ஆந்திரத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து எல்லை தாண்டியதும் வரும் குப்பத்தில் இருக்கிறேன். 19 ஆண்டுகள் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டிவிட்டு இப்போது சொந்தமாக இரண்டு வண்டிகள் வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் வடக்கே போய் வந்த டிரிப்புகளுக்குக் கணக்கில்லை. அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஆசையைப் பிறகு பார்க்கலாம்.

பாலக்காட்டிலிருந்து நாகபுரி சுமார் 1,500 கிலோமீட்டர், டெல்லி சுமார் 2,600, ஜம்மு அருகே உள்ள கட்ரா சுமார் 3,200. உயரமான வண்டியில், வயதானவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒரு நாளுக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். அந்தக் கணக்கில் கட்ராவுக்குப் போக மட்டும் ஒன்பது நாட்களுக்கு மேல் ஆகும். போய்த் திரும்புவதற்கே 16 நாட்கள் போதாது. எனவே காஷ்மீர் இந்தப் பயணத்தில் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. நாட்கள் இருந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களைக் காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்று அழைக்கிறார்கள். ஆண்டின் கடுங்குளிர் அப்போதுதான். 2017 இல் 9 கிலோமீட்டருக்கு மேல் நீளமான செனானி நஷ்ரி சுரங்கமும், 2021 இல் 8.45 கிலோமீட்டர் நீளமான பனிஹால் காசிகுண்ட் சுரங்கமும் திறக்கப்பட்ட பிறகு சாலை மிகவும் மேம்பட்டுவிட்டது உண்மைதான் என்றாலும், இடையிலுள்ள ராம்பன் பகுதியில் மண் சரிந்தால் வண்டிகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையில் உங்கள் அம்மாவை உட்கார வைக்க வேண்டாம். 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. நம் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் பாலக்காடு வழியாகவே கட்ரா வரை போகிறது. பிள்ளைகளை வேறோர் ஆண்டு அப்படி அழைத்துச் செல்லுங்கள்.

இனி காசி. பழைய 7 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வாரணாசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்தது. எண்கள் மாறிய பிறகு பெங்களூர், ஐதராபாத், நாகபுரி வழியாக மத்தியப் பிரதேசத்தின் லக்னாதோன் வரையுள்ள பகுதி 44 ஆம் எண் சாலையில் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து பிரிந்து ஜபல்பூர், ரேவா வழியாகக் காசிக்குப் போக வேண்டும். நாகபுரியிலிருந்து காசி ஏறக்குறைய 740 கிலோமீட்டர். ஆகப் போக வர 4,500 கிலோமீட்டர், அதாவது 13 நாட்கள் முழுவதும் ஓட்டம். மீதி மூன்று நாட்கள். காகிதத்தில் கூட்டினால் சரியாக வரும், ஆனால் அந்த மூன்று நாட்களை மூடுபனி தின்றுவிடும்.

மூடுபனியை நம் ஊர் மார்கழிப் பனியாக நினைத்துவிடக் கூடாது. நம் பக்கம் காலையில் கொஞ்சம் புகை போல நின்று, வெயில் வந்ததும் கலைந்துவிடும். கங்கைச் சமவெளியில் டிசம்பர் கடைசி முதல் ஜனவரி முழுவதும், கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சிய வயல்களின் ஈரம் தரையோடு இருக்க, காற்றசைவே இல்லாத தெளிந்த இரவில் தரைச்சூடு முழுவதும் மேலே போய்விட, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அப்படியே வெள்ளைச் சுவராக நின்றுவிடுகிறது. சில நாட்களில் மதியம் வரை கலைவதில்லை. பார்வைத் தூரம் 50 மீட்டருக்குக் கீழே போனால் வானிலைத் துறை அதை மிக அடர்ந்த மூடுபனி என்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 17 மீட்டர் போகிறது. 50 மீட்டர் என்பது மூன்று நொடி. அதற்குள் ஒரு கேரவன் நிற்காது. யமுனா விரைவுச்சாலையில் ஆண்டுதோறும் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை வேக வரம்பைக் குறைப்பது இதனால்தான். குவாலியருக்கு வடக்கே ஒரு விடியற்காலை, பின்விளக்கு எரியாமல் சாலையிலேயே நிறுத்தியிருந்த ஒரு டிராக்டரை எட்டடி தூரத்தில் கண்டு நான் பிரேக் மிதித்ததை இப்போது நினைத்தாலும் கால் நடுங்குகிறது. அன்றிலிருந்து குளிர்காலத்தில் காலை பத்து மணிக்கு முன் என் வண்டிகள் அந்தப் பக்கம் சக்கரம் உருட்டுவதில்லை. எந்த வியாபாரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இல்லை.

எனவே என் யோசனை இது. வண்டியின் வட எல்லையை ஜபல்பூரோடு முடித்துக்கொள்ளுங்கள். அது சுமார் 1,770 கிலோமீட்டர். ஐந்தாறு நாட்களில் நிதானமாகப் போகலாம். டிசம்பரில் தக்காணப் பீடபூமியைப் போல ஓட்டுவதற்குச் சுகமான நிலம் வேறில்லை: வானம் தெளிவு, வெயில் இதம், சாலை வறட்சி. கங்கையில் குளித்தால் கிடைக்கும் புண்ணியம் நர்மதையைக் கண்டாலே கிடைக்கும் என்பது பெரியவர்கள் வாக்கு. ஜபல்பூரில் குவாரி காட் படித்துறையில் அம்மா மாலை ஆரத்தியைப் பார்க்கலாம். பேடாகாட்டில் இரண்டு பக்கமும் சலவைக்கல் பாறைகள் நிற்க நடுவே படகில் போவதையும், துவாந்தார் அருவியையும் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அம்மாவுக்குக் காசி கட்டாயம் என்றால், வண்டியை ஜபல்பூரில் நிறுத்திவிட்டு அங்கிருந்து ரயிலில் காசிக்குப் போய் வரலாம்.

வழி: சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி வந்ததும் பெங்களூருக்குள் போகாமல், எங்கள் குப்பம், பலமநேர், மதனப்பள்ளி, கதிரி வழியாக அனந்தபூர் செல்லும் 42 ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். பெங்களூர் நெரிசலில் நின்று அம்மா களைத்துப்போவதைவிட இது மேல். கதிரியில் நரசிம்மர் கோயில் உண்டு. அதற்கு அருகிலுள்ள திம்மம்மா ஆலமரம் ஒரே மரமாக ஏறக்குறைய ஐந்து ஏக்கர் பரந்து நிற்பது; பிள்ளைகளை அங்கே ஒரு மணி நேரம் ஓடியாட விடுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: குப்பத்துக்கும் பலமநேருக்கும் இடையில் கௌண்டின்யா காட்டு யானைகள் சாலையைக் கடக்கும். மாலை ஐந்துக்குள் பலமநேரைத் தாண்டிவிடுங்கள். கர்னூலைத் தாண்டியதும் சாலையிலிருந்து சற்று விலகி ஆலம்பூரில் சாளுக்கியர் கட்டிய, நவபிரம்மா என்று பெயர் பெற்ற ஒன்பது சிவன் கோயில்களும் ஜோகுலாம்பா சன்னதியும் இருக்கின்றன. நாகபுரிக்கு வடக்கே மன்சர் அருகில் ராம்டெக் மலைமேல் ராமர் கோயில். அதற்கப்பால் பெஞ்ச் புலிகள் காப்பகத்தில், விலங்குகள் கீழே கடப்பதற்காகச் சாலையையே தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் நீளமானது 750 மீட்டர்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் ஓட்டுநர் எங்கே தூங்குவார்? ஐந்து படுக்கைகளில் நீங்கள் ஐந்து பேரும் படுத்துவிட்டால் அவர் இருக்கையில் சாய்ந்துதான் கிடப்பார். 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அன்றே ஒரு நாளுக்கு 8 மணி நேர வேலை என்று வைத்தது வெறுமனே அல்ல. அவருக்குத் தினமும் ஓர் அறை எடுத்துக் கொடுங்கள். அந்தச் செலவில்தான் உங்கள் ஐந்து பேரின் உயிரும் இருக்கிறது.

பதில்: மூணாறு எஸ்டேட் மகள்

வணக்கம். வழியைப் பற்றி அண்ணா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. குளிரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாங்கள் மூன்று தலைமுறையாக மூணாறுத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்கள். ஜனவரியில் இங்கே வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுவிடும், உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். ஜபல்பூரில் அந்த அளவு இராது என்றாலும் இரவில் 8, 9 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம், பாலக்காட்டு வெயிலில் வாழ்ந்த உடம்புக்கு அதுவே அதிகம்.

முதலும் முக்கியமுமானது: வண்டிக்குள் கணப்பு மூட்டாதீர்கள். கரி அடுப்பு, விறகுத் தணல், குளிர் காய்வதற்காகக் கேஸ் அடுப்பை எரியவிடுவது எதுவுமே கூடாது. வடக்கே டாபாக்களில் அன்போடு ஒரு சட்டி தணலைத் தூக்கிக் கொடுப்பார்கள். அதை வெளியே வைத்துக் கையைக் காட்டிவிட்டு வாருங்கள். மூடிய இடத்தில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அது இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. தலைவலியும் தூக்கமும்தான் வரும், ஆபத்து என்றே தோன்றாது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குளிர் தாங்காமல் கதவடைத்துக் கரிச்சட்டியோடு தூங்கிய ஒரு வீட்டில் நான்கு பேரைக் காலையில் கதவை உடைத்துத் தூக்கி வந்தார்கள். மூன்று பேர் பிழைத்தார்கள். என் அம்மா அன்று முதல் எங்கள் வீட்டில் கணப்பை வாசலுக்கு உள்ளே விட்டதில்லை. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி சின்னதாகப் பேட்டரியில் ஓடுவது கிடைக்கிறது. புறப்படுவதற்கு முன் கட்டாயம் வாங்கிவிடுங்கள். இரவில் என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுவதும் கூடாது.

அப்படியானால் சூட்டுக்கு என்ன வழி என்றால், உங்கள் பேட்டரிக் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட்டை 200 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 2,400 வாட்-மணி, அதாவது 2.4 யூனிட் மின்சாரம். 1,500 வாட் ரூம் ஹீட்டர் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே மின்சாரத்தில் 80 வாட் மின்போர்வை மூன்றை இரவு முழுவதும் போடலாம், ஏனென்றால் எட்டு மணி நேரத்துக்கு அவை எடுப்பது 2 யூனிட்டுக்குள்தான். காற்றைச் சூடாக்காமல் படுக்கையைச் சூடாக்குங்கள். படுக்கப் போவதற்கு அரைமணிக்கு முன் போர்வையைப் போட்டு, பிள்ளைகள் தூங்கியதும் அவர்களுடையதை அணைத்துவிட்டால் இன்னும் மிஞ்சும். அம்மாவுக்கு ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று முழங்காலுக்கு அடியில் வைத்தால் வலிக்கும் நல்லது.

ஐந்து பேர் மூச்சு விடுவதால் இரவில் கண்ணாடியெல்லாம் வேர்த்து, காலையில் மெத்தையின் ஓரம் நனைந்திருக்கும். குளிருக்குப் பயந்து எல்லாச் சன்னலையும் அடைக்காமல், மேலேயுள்ள காற்றுத் துவாரத்தை இரண்டு விரல் அளவு திறந்தே வையுங்கள். சமைக்கும்போது கதவும் திறந்திருக்கட்டும்.

கழிவறைத் தொட்டியைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அதைக் காலி செய்யத் தனி இடம் நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் கிடைப்பது அரிது. சாலையோரப் பள்ளத்தில் கொட்டுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது யாரோ ஒருவருடைய கிணற்றுக்குப் போகும். மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஏதாவது விடுதியில், ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் என்றால் அரசின் ஹரிதா விடுதிகளில், வண்டி நிறுத்த இடத்தோடு ஓர் அறை எடுத்து, அவர்களைக் கேட்டு அவர்களது கழிவுத்தொட்டியில் சேர்த்துவிடலாம். அன்று எல்லோரும் வெந்நீரில் குளிக்கவும், அம்மா அசையாத கட்டிலில் படுக்கவும் வாய்க்கும்.

பதில்: சித்தூர் மருமகள்

வணக்கம். பிறந்தது நகரி, வாழ்க்கைப்பட்டது சித்தூர். குப்பத்து அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. ஜபல்பூரிலிருந்து ரயிலில் காசிக்குப் போய் வருவது எளிது என்பது போல் எழுதியிருக்கிறார். மூடுபனி சாலையை மட்டும் நிறுத்துவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜனவரி முதல் வாரத்தில் என் மாமனாரை இதே போல் வாடகைக் கேரவனில் காசிக்கு அழைத்துப் போனோம். ரேவாவைத் தாண்டியதும் மூடுபனி பிடித்துக்கொண்டது. ஒரு பெட்ரோல் பங்க் வளாகத்தில் இரண்டு இரவும் ஒரு பகலும் நின்றோம். பிறகு அவரை மட்டும் என் கணவர் ரயிலில் அழைத்துப் போனார். அந்த ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம், நடைமேடையிலேயே இரவு கழிந்தது. மாமனாருக்கு விசுவநாதர் தரிசனம் கிடைத்தது, கங்கையில் நீராட மட்டும் அவரால் முடியவில்லை. அவர் ஒரு வார்த்தைகூடக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இன்றும் மனம் ஆறவில்லை, ஏனென்றால் காலத்தைத் தேர்ந்தெடுத்தது நான்.

அதனால் என் கருத்து, காசியை இந்தப் பயணத்தில் ஒட்டவைக்கவே வேண்டாம். காசியைத் தனியாக, அம்மாவுக்காக மட்டும், நல்ல பருவத்தில் வையுங்கள். ஆனால் அதை நீங்கள் முடிவு செய்யாமல் அம்மாவிடம் கேளுங்கள். வயதானவர்களுக்காக நாம் முடிவெடுத்துவிட்டு அவர்களுக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

வண்டி விஷயத்தில் மூன்று சிறு செய்திகள். வாடகைக் கேரவனுக்கு மஞ்சள் எண்பலகையும் அகில இந்திய சுற்றுலா அனுமதியும் இருக்க வேண்டும். அனுமதியின் நகலை முன்பணம் கொடுக்கும் முன்பே வாங்கிப் பாருங்கள். எங்களுக்கு வண்டி தந்தவர் காலாவதியான அனுமதியோடு அனுப்பிவிட்டதால் ஒரு மாநில எல்லையில் அரை நாள் நின்றோம். அடுத்து, 2025 ஆகஸ்டில் வந்த ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் சொந்த உபயோகக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டுமே. வாடகை வண்டிக்குச் செல்லாது. எனவே சுங்கச்சாவடிக் கட்டணம் உங்கள் தலையிலா, அவர்கள் தலையிலா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக, ஓட்டுநருக்கு உடல்நலமில்லாமல் போனால் நீங்களே ஓட்டலாமா என்ற கேள்வி வரும். எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியைச் சாதாரண இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டிக்காரரும் அதற்குச் சம்மதிக்க வேண்டும் என்பதால் அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கேள்வியாளர்: கொழிஞ்சாம்பாறை தோப்புக்காரர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சித்தூர் சகோதரி சொன்னபடியே, நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாப் பதில்களையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, காசிக்குப் போவதானால் தீபாவளி சமயத்தில்தான் போக வேண்டும் என்றும், தங்க அன்னபூரணியின் தரிசனம் அப்போதுதான் கிடைக்கும் என்றும், அப்பாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்றும் சொன்னார். இத்தனை நாளும் நான் அவரிடம் எப்போது போகலாம் என்று கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த தீபாவளிக்குக் காசிக்கு ரயில் டிக்கெட் எடுக்கும் பொறுப்பை மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பயணத்துக்கு ஜபல்பூரே எல்லை. போகும்போது ஆறு நாட்கள், பேடாகாட்டிலும் பெஞ்ச்சிலுமாக நான்கு நாட்கள், திரும்ப ஆறு நாட்கள். மகனுக்கு வெண்பனி இல்லை என்பதில் வருத்தம்தான். புலி உண்டா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறான். மார்கழியில் வாளையார்க் கணவாயில் கிழக்குக் காற்று எப்படி அடிக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், உயரமான வண்டியை அது பக்கவாட்டில் தள்ளும் என்பதால் வேலந்தாவளம் வழியாக மெதுவாகக் கோயம்புத்தூர் சேர்வதாக ஓட்டுநரோடு பேசியிருக்கிறேன். அவருக்குத் தினமும் தனி அறை என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டோம்.

மூணாறு சகோதரியிடம் ஒரே ஒரு சந்தேகம். அந்த எச்சரிக்கைக் கருவியைக் கூரையில் மாட்ட வேண்டுமா, தரையருகிலா?

பதில்: மூணாறு எஸ்டேட் மகள்

அந்த வாயு காற்றோடு ஏறக்குறைய சமமாகக் கலந்து நிற்பதால் இரண்டும் வேண்டாம். தூங்குபவர்களின் தலைமாட்டு உயரத்தில், அடுப்பிலிருந்து தள்ளி, அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். புறப்படுவதற்கு முதல் நாள் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, அந்தச் சத்தம் எப்படியிருக்கும் என்பதைப் பிள்ளைகள் இருவருக்கும் கேட்கச் செய்யுங்கள்.